இரண்டு முறை கூட்டப்பட்ட ஒரு குற்றம்: ரோசாலெஸ்-மிரெலெஸ் வழக்கு

டெக்சாஸ் மாநிலத்தில் 2009-ல் ஒருவருக்கு அடிதடி வழக்கில் தண்டனை கிடைத்தது. அந்த மாநிலச் சட்டப்படி அது சிறுகுற்றம். பின்னாளில், நாடுகடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தார் என்று அதே மனிதர் மீது ஃபெடரல், அதாவது மைய அரசின், வழக்கு வந்தது. அதில் தண்டனைக்கான அறிக்கையைத் தயாரித்த அதிகாரி, அந்த 2009 வழக்கை இரண்டு தடவை கணக்கில் சேர்த்துவிட்டார். அறிக்கை அவர் மேசையைத் தாண்டி அரசு வழக்கறிஞரிடம் போனது, எதிர்த்தரப்பு வக்கீலிடம் போனது, நீதிபதியிடமும் போனது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. 78 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டில்தான் பிழை வெளியே வந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது போதவில்லை. முறையீட்டு நீதிமன்றம் 'ஆமாம், பிழைதான், வெளிப்படையான பிழைதான், இதனால் தண்டனை கூடியிருக்க வாய்ப்பும் உண்டு' என்று மூன்றையும் ஒத்துக்கொண்ட பிறகும், திருத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அந்த மறுப்பு சரியா என்பதுதான் 2018 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரோசாலெஸ்-மிரெலெஸ் எதிர் அமெரிக்கா வழக்கின் கேள்வி. குடியேற்றச் சட்டம் பற்றிப் பேசும்போது பெரிய கொள்கை வழக்குகளைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு இந்தக் கூட்டல் வழக்குதான் முக்கியமாகப் படுகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்குத் தண்டனை விதிக்கப்படும் ஒரு குற்றத்தில், ஒரு மனிதனின் சிறைக்காலம் உண்மையில் எப்படி முடிவாகிறது என்பதை இந்த வழக்கு அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

குற்றமும் அதன் மூன்று படிகளும்

முதலில் சட்டம். ஒருமுறை நாடுகடத்தப்பட்டவர் அரசின் முன் அனுமதி இல்லாமல் மீண்டும் உள்ளே வந்தாலோ, வர முயன்றாலோ, உள்ளே இருப்பது கண்டுபிடிக்கப்பட்டாலோ அது ஃபெடரல் குற்றம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 8-ஆம் தலைப்பு, 1326-ஆம் பிரிவு. வெறும் மறுநுழைவுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. நாடுகடத்தப்படுவதற்கு முன் பெருங்குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றிருந்தால் 10 ஆண்டு. அந்தப் பழைய குற்றம் 'கடுமைகூடிய பெருங்குற்றம்' என்று குடியேற்றச் சட்டம் வகுத்திருக்கும் பட்டியலில் வந்தால் 20 ஆண்டு. இந்தப் பட்டியல் மிக நீளம். பெயரைக் கேட்டால் கொலை, கொள்ளை என்று தோன்றும். ஓராண்டுத் தண்டனை பெற்ற திருட்டுகூட அதில் உண்டு.

நாடுகடத்தல் என்றால் நீதிமன்றத்தில் விசாரித்து, உத்தரவு போட்டு, விமானம் ஏற்றி அனுப்புவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எல்லையிலேயே குடியேற்ற அதிகாரி கையெழுத்திடும் விரைவு வெளியேற்ற உத்தரவும் கணக்கில் வரும். 2017-ல் மெக்சிகோ எல்லைக்கு 25 கஜம் வடக்கே பிடிபட்ட ஓர் இலங்கைத் தமிழருக்கு அப்படி ஓர் உத்தரவுதான் வந்தது. அவருடைய தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதை ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி அவருக்கு இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தகைய உத்தரவின்பேரில் வெளியேற்றப்பட்ட ஒருவர் அனுமதியின்றித் திரும்பி வந்தால் 1326-ஆம் பிரிவு பாயும். நம்மவர்களுக்கும் இந்தச் சட்டம் தூரத்துச் சங்கதி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய குற்றத்தால் அதிகபட்சம் 2 ஆண்டிலிருந்து 20 ஆண்டாகத் தாவுகிறதே, அந்தப் பழைய குற்றத்தை ஜூரி முன் நிரூபிக்க வேண்டாமா? வேண்டாம் என்று 1998-ல் அல்மெண்டாரெஸ்-டோரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முடிவு செய்தது. இரண்டே ஆண்டில், அப்ரெண்டி என்ற வேறொரு வழக்கில், தண்டனையின் உச்சவரம்பைக் கூட்டும் எந்த உண்மையையும் ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 'முந்தைய தண்டனை' ஒன்றை மட்டும் விதிவிலக்காக விட்டது. 1998-ல் பெரும்பான்மையோடு சேர்ந்து வாக்களித்த நீதிபதி தாமஸ், தான் அன்று செய்தது தவறு என்று அப்ரெண்டி தீர்ப்பில் எழுதினார். அப்படியிருந்தும் பழைய தீர்ப்பு இன்னும் கவிழவில்லை. என்றாவது கவிழும் என்ற நம்பிக்கையில், மறுநுழைவு மேல்முறையீடுகளில் வக்கீல்கள் இந்த வாதத்தை ஒரு பத்தியாவது எழுதி வைத்துவிடுகிறார்கள். தோற்கும் என்று தெரிந்தேதான்.

நம் வழக்கின் மனுதாரர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவர் மீது போடப்பட்டது 20 ஆண்டுப் படி. ஆக, சண்டை முழுக்கத் தண்டனையின் அளவு பற்றியது மட்டுமே.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு

ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனைக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. 1987-ல் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டி நெறிகளின் இதயம் அதுதான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 43 வரிசை: குற்றத்தின் கடுமை. மேலே இடமிருந்து வலமாக 6 பத்தி: ஆளின் பழைய குற்ற வரலாறு. வரிசையும் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் இரண்டு எண் இருக்கும், குறைந்தபட்ச மாதமும் அதிகபட்ச மாதமும். 2005-ல் புக்கர் வழக்குக்குப் பிறகு இந்த நெறிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனைதான். ஆனாலும் கணக்கைச் சரியாகப் போட்டு, அங்கிருந்துதான் நீதிபதி தொடங்க வேண்டும். நடைமுறையில் அந்தக் கட்டம் நங்கூரம் மாதிரி. கப்பல் கொஞ்சம் அசையும், அதிக தூரம் போகாது.

குற்ற வரலாற்றுப் பத்தியை எப்படிப் பிடிப்பது? பழைய தண்டனை ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. 13 மாதத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்கு 3 புள்ளி. அதற்குக் கீழே, 60 நாளாவது இருந்தால் 2 புள்ளி. மற்றவற்றுக்கு 1. கூட்டித் தொகை 10 முதல் 12 வரை வந்தால் ஐந்தாம் பத்தி. 13-ஐத் தொட்டால் ஆறாம் பத்தி, அதுதான் கடைசி.

இந்த வழக்கில் கடுமை வரிசை 21. அந்த 2009 அடிதடிக்கு 2 புள்ளி. அறிக்கையில் அது இரண்டு தடவை வந்ததால் 4. மொத்தம் 13. ஆறாம் பத்தி. 21-ஆம் வரிசையும் ஆறாம் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் இருப்பது 77 முதல் 96 மாதம். அடிதடியை ஒரு தடவை மட்டும் எண்ணியிருந்தால் 11 புள்ளி, ஐந்தாம் பத்தி, 70 முதல் 87 மாதம். மனுதாரர் தரப்பு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது; நீதிபதி அவருடைய பழைய குற்றங்களைச் சுட்டி மறுத்து, 78 மாதம் விதித்தார். தவறான கட்டத்தின் அடிமட்டத்துக்கு ஒரே ஒரு மாதம் மேலே.

இந்த ஒரு மாதத்தைக் கவனிக்க வேண்டும். நீதிபதி கட்டத்தின் அடியில்தான் நிற்க விரும்பினார் என்பது அதிலிருந்து தெரிகிறது. கட்டம் 70-ல் தொடங்கியிருந்தால் அவர் எங்கே நின்றிருப்பார்? 71-ஆ, 72-ஆ, உறுதியாகச் சொல்ல முடியாது. 78-ஆகவே இருந்திருக்கவும் கூடும். ஆனால் ஆறேழு மாதம் குறைந்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது. ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. 1980-களில் கொண்டுவந்த சீர்திருத்தம் அதை எடுத்துவிட்டது. நன்னடத்தைக்காக ஆண்டுக்குச் சில வாரம் கழியும், அவ்வளவுதான். மற்றபடி தீர்ப்பில் எழுதிய மாதத்தைக் கழித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் வக்கீல் ஏன் கவனிக்கவில்லை? விதிகளின்படி இந்த அறிக்கை தண்டனை நாளுக்கு 35 நாள் முன்னால் குற்றம்சாட்டப்பட்டவர் கையில் இருக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் எழுதித் தர வேண்டும். நேரம் இருந்தது. ஆனால் எல்லையோர ஃபெடரல் நீதிமன்றங்களில் மறுநுழைவு வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பவை. அநேகமாக எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். வக்கீல்களின் கண்ணெல்லாம் பழைய குற்றம் எந்த வகையில் வரும் என்ற பெரிய சட்டக் கேள்வியில் இருக்கும். அந்தக் காலத்து நெறிகளில் பழைய குற்றம் 'வன்முறைக் குற்றம்' என்றால் வரிசை ஒரே அடியாக 16 ஏறும்; 2016 நவம்பரில்தான் அந்த முறையை மாற்றினார்கள். இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கீழே கிடக்கும் கூட்டல் கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் இல்லை என்பதற்காக அதன் விலையைக் கைதி தலையில் கட்டலாமா என்பதே விஷயம்.

நான்கு கேள்விகள்

கீழ் நீதிமன்றத்தில் எழுப்பாத ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் புதிதாக எழுப்ப முடியுமா? பொதுவாக முடியாது. ஆனால் ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் 52-ஆம் விதியின் இரண்டாம் பகுதி ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவில் நுழைய நான்கு கேள்வியைத் தாண்ட வேண்டும் என்று 1993-ல் ஒலானோ வழக்கு வகுத்தது. பிழை நடந்ததா? அது வெளிப்படையானதா? ஆளின் முக்கிய உரிமையைப் பாதித்ததா, அதாவது முடிவு வேறாக இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா? கடைசியாக, அதைத் திருத்தாமல் விட்டால் நீதிமன்ற நடவடிக்கைகளின் நியாயமும் நேர்மையும் நற்பெயரும் கடுமையாகக் கெடுமா? முதல் மூன்றையும் தாண்டினாலும் நான்காவதில் நீதிபதிகளுக்கு விருப்புரிமை உண்டு.

டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கு மேல்முறையீடு நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாம் வட்டார நீதிமன்றத்துக்குப் போகும். மனுதாரர் முதல் மூன்று கேள்வியிலும் ஜெயித்தார். நான்காவதில் அந்த நீதிமன்றம் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தது. பிழையோ தண்டனையோ சாதாரண மனிதனின் மனசாட்சியை உலுக்க வேண்டும், அல்லது நீதி முறைக்கே எதிரான பலமான குற்றச்சாட்டாக நிற்க வேண்டும், அல்லது கீழ் நீதிபதியின் திறமையையோ நேர்மையையோ கடுமையான சந்தேகத்துக்கு உள்ளாக்க வேண்டும். இங்கே 78 மாதம் என்பது சரியான கட்டமான 70-க்கும் 87-க்கும் நடுவிலேயே விழுகிறது. ஆகவே எந்த மனசாட்சியும் உலுங்காது என்று 2017-ல் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இந்தத் தர்க்கம் பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எப்படியும் 78 என்பது சட்டப்படி விதிக்கக்கூடிய எண்தானே? ஆனால் விதிக்கக்கூடியது வேறு, சரியான கணக்கைப் பார்த்து விதித்தது வேறு. எந்தக் கட்டம் என்றே தவறாகத் தெரிந்துகொண்ட நீதிபதி அதைத் தேர்ந்தெடுத்தார். சரியான தகவலோடு யாரும் அந்த எண்ணை இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இரட்டைப் பிறவி வழக்கு

ரோசாலெஸ்-மிரெலெஸ் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு முன்பு, 2016 ஏப்ரலில், இதே ஐந்தாம் வட்டாரத்திலிருந்து இன்னொரு மறுநுழைவு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. மொலினா-மார்ட்டினெஸ் வழக்கு. எண்களைப் பாருங்கள்: தவறான கட்டம் 77 முதல் 96. சரியான கட்டம் 70 முதல் 87. விதித்த தண்டனை 77. கூட்டலில்தான் பிழை அங்கேயும். ஒரே நாளில் தண்டனை விதிக்கப்பட்ட ஐந்து திருட்டு வழக்குகளை ஒன்றாக எண்ணுவதற்குப் பதில் தனித்தனியாக எண்ணிவிட்டார்கள்.

அந்த வழக்கில் என்னை நிறுத்தி வைக்கும் சம்பவம் ஒன்று உண்டு. மேல்முறையீட்டில் அவருடைய வக்கீல், வாதிடத் தகுந்த எதுவும் இதில் இல்லை என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1967-ன் ஆண்டர்ஸ் தீர்ப்பின்படி அப்படி எழுதிக் கொடுக்க வழி உண்டு. அப்போது கைதிக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்புத் தருவார்கள். சிறையில் இருந்த அந்த மனிதர் தானே உட்கார்ந்து எழுதிய பதிலில், என் புள்ளிக் கணக்கு தப்பு என்று முதல்முறையாகச் சுட்டிக்காட்டினார். முறையீட்டு நீதிமன்றம் அதைப் படித்துவிட்டு, இதில் விஷயம் இருக்கிறது போலிருக்கிறதே, சரியாக வாதிட்டு எழுதுங்கள் என்று வக்கீலுக்குச் சொன்னது. சட்டம் படித்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போனதைச் சிறையில் உட்கார்ந்து பிடித்தவர் அவர்.

ஆனால் அதன் பிறகும் ஐந்தாம் வட்டாரம் மூன்றாம் கேள்வியில் அவரை நிறுத்திவிட்டது. 77 என்பது சரியான கட்டத்துக்குள்ளும் வருவதால், தண்டனை நிச்சயம் குறைந்திருக்கும் என்பதற்குத் தனியாக ஆதாரம் காட்டு என்றது. நீதிபதியோ ஏன் 77 என்று விளக்கமாக எதுவும் பேசவில்லை. பேசாத மனதுக்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது? பெரும்பாலான வழக்குகளில் தவறான கட்டத்தில் தொடங்கியதே போதுமான ஆதாரம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முடிவில் எட்டு நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்.

மூன்றாம் கேள்வியில் அப்படிக் கதவு திறந்தது. ரோசாலெஸ்-மிரெலெஸ் வழக்கில் நான்காம் கேள்வியில் அதே கதவு மறுபடி மூடப்பட்டிருந்தது.

ஏழு பேர் சொன்னது

2018 பிப்ரவரியில் வாதம் நடந்தது. மனுதாரருக்காக வாதிட்டவர் அரசுச் செலவில் ஏழைகளுக்கு வாதாடும் ஃபெடரல் பொதுப் பாதுகாப்பு அலுவலகத்தின் வக்கீல். தீர்ப்பு 7-க்கு 2. எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் கோர்சச்சும் அவரோடு நின்றார்கள். வழக்கமான வலது-இடது கோட்டில் இந்த வழக்கு பிரியவில்லை.

'மனசாட்சியை உலுக்கும்' அளவுகோல் மிகக் குறுகலானது என்றது தீர்ப்பு. அந்தச் சொற்கள் வேறு இடத்தைச் சேர்ந்தவை. 1952-ல், ஒருவரின் வயிற்றைக் கட்டாயமாகக் கழுவிப் போதைப்பொருளை எடுத்த போலீஸைப் பற்றிய ரோச்சின் வழக்கில் பிரபலமானவை. அதிகாரத்தின் அட்டூழியத்தை அளக்கிற கோலை எடுத்து ஒரு கூட்டல் பிழையை அளந்தால் எந்தக் கூட்டல் பிழையும் தேறாது. ஒலானோ வழக்கே, நிரபராதிகளை மட்டும் காப்பாற்றுவதற்கான விதி இதுவல்ல என்று சொல்லியிருந்தது. நீதிபதியின் திறமையைச் சந்தேகிக்க வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இடம் மாறிய ஒன்றுதான். நேர்மையான, கெட்டிக்கார நீதிபதி செய்கிற பிழையாலும் ஒருவர் கூடுதல் நாள் சிறையில் இருக்கத்தான் நேர்கிறது.

தீர்ப்பின் மையம் என்று நான் நினைப்பது இதை: சிறைக் காலத்தைக் கணக்கிடும் கடமை நீதிமன்றத்துடையது. கட்டத்தைச் சரியாகப் போட வேண்டியது மாவட்ட நீதிபதி. அவருக்கு உதவுவது அந்த அறிக்கையைத் தயாரிக்கும் நீதிமன்ற நன்னடத்தை அலுவலகம். ஆட்சேபிக்காதது கைதித் தரப்பின் குறைதான். ஆனால் பிழையைப் பெற்றெடுத்தது நீதிமன்றமே. ஜூரி முன் நடக்கும் விசாரணையில் வக்கீல் ஒரு தந்திரத்துக்காக ஆட்சேபிக்காமல் இருக்கலாம். புள்ளிக் கணக்கில் அப்படி என்ன தந்திரம் இருக்க முடியும்? கோர்சச் டென்வரில் பத்தாம் வட்டார நீதிபதியாக இருந்தபோது 2014-ல் எழுதிய ஒரு வரியைச் சோட்டோமேயர் எடுத்தாள்கிறார். நீதிமன்றங்கள் தாங்களே செய்த கண்கூடான பிழையைத் திருத்த மறுத்து, அதனால் ஒருவர் சட்டம் கேட்பதைவிட அதிக நாள் சிறையில் கிடக்க நேர்ந்தால், நியாயமான எந்தக் குடிமகனுக்குத்தான் நீதிமுறை மீதுள்ள மதிப்பு குறையாது என்று கேட்கும் வரி அது.

திருத்துவதற்கு ஆகும் செலவையும் தீர்ப்பு பார்க்கிறது. மறு விசாரணை என்றால் சாட்சிகளைத் தேட வேண்டும், புது ஜூரி வேண்டும், ஆண்டுகள் போயிருக்கும். மறு தண்டனை அப்படி இல்லை. அதே நீதிபதி, வக்கீல்கள், சரியான கட்டம், ஓர் அமர்வு. ஒரு பக்கம் இந்தச் செலவு, மறு பக்கம் ஒருவரின் மாதங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

78 மாதம் சரியான கட்டத்துக்குள்தானே வருகிறது என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. தண்டனை அளவில் நியாயமானதா என்று பார்ப்பதற்கு முன், அதை முடிவு செய்த முறை சரியா என்று பார்க்க வேண்டும் என்பது 2007-ன் 'கால்' (Gall) வழக்கு முதலே உள்ள வரிசை. கணக்கே தவறாக இருக்கும்போது அளவைப் பற்றிய பேச்சுக்கு இன்னும் இடம் வரவில்லை.

ஆக, வழிகாட்டிக் கணக்கில் வெளிப்படையான பிழை நடந்து, அது ஆளைப் பாதித்திருந்தால், சாதாரணமாக முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்த வேண்டும். எப்போதும் அல்ல, எதிராக நிற்கும் காரணங்கள் சில வழக்குகளில் இருக்கலாம். அவற்றைக் காட்ட வேண்டும். இந்த வழக்கில் அப்படி எதுவும் இல்லை.

இரண்டு பேர் சொன்னது

தாமஸ் எழுதி அலிட்டோ சேர்ந்துகொண்ட மாறுபட்ட தீர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. ஐந்தாம் வட்டாரத்தின் சொற்கள் சரியா என்ற குறுகிய கேள்வியோடு நின்றிருக்கலாமே, ஏன் அதைத் தாண்டிப் போய் ஒரு பொது விதி வகுக்கிறீர்கள் என்று கேட்கிறார் தாமஸ். முதல் மூன்று கேள்வியைத் தாண்டினால் நான்காவது தானாகத் திறந்துகொள்ளும் என்றால், அபூர்வமாகப் பயன்பட வேண்டிய கதவு வழக்கமான வாசலாகிவிடும் என்பது அவர் கவலை. நேரத்தில் ஆட்சேபிப்பவருக்கும் ஆட்சேபிக்காதவருக்கும் வித்தியாசம் மங்கினால், யார் சிரமப்பட்டு அறிக்கையைப் படிப்பார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியில் நடைமுறை அறிவு குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. தண்டனை நாளன்று ஆட்சேபித்தால் பிழை அங்கேயே சரியாகும், கைதிக்கு உடனே குறையும். வேண்டுமென்றே மௌனமாக இருந்துவிட்டு, பிறகு நான்கு கேள்வியைத் தாண்டப் பார்ப்போம் என்று எந்த வக்கீலும் திட்டம் போட மாட்டார். பெரும்பான்மையும் இதைச் சொல்கிறது. கதவு அகலமாகிவிட்டது என்பது மட்டும் உண்மை. அது அகலமானதில் தவறென்ன என்பதுதான் இரு தரப்புக்கும் உள்ள உண்மையான பிளவு.

தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடு

ஐந்தாம் வட்டாரம் அதோடு திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஆட்சேபிக்காத வழக்குகளில் உண்மை விவரம் பற்றிய வாதம் எதையும் பார்க்கவே மாட்டோம் என்ற அதன் இன்னொரு பழக்கத்தை 2020 மார்ச்சில் டேவிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஹோல்கின்-ஹெர்னாண்டெஸ் வழக்கில், குறைந்த தண்டனை கேட்டு வாதிட்டவர், தீர்ப்பு வந்தபின் 'இது அதிகம்' என்று தனியாக ஆட்சேபிக்க வேண்டியதில்லை என்றது. எல்லாம் ஒரே வட்டாரத்திலிருந்து போனவை.

இன்று 1326-ஆம் பிரிவில் தண்டனை பெற்ற ஒருவருக்கு இதெல்லாம் எப்படிப் பயன்படும்? தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும். இதைத் தவறவிட்டால் பெரும்பாலும் மற்ற எதுவும் உதவாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது அரசுத் தரப்போடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதியிருப்பது சகஜம். அப்படி எழுதியிருந்தாலும், கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் அறிவிப்பைத் தாக்கல் செய்யத்தான் வேண்டும். செய்யாவிட்டால் அது வக்கீலின் கடமைத் தவறு என்று 2019-ல் கார்சா வழக்கு சொல்லிவிட்டது. முறையீடு பிறகு நிற்குமா என்பது வேறு விஷயம்.

பழைய நாடுகடத்தல் உத்தரவே செல்லாது என்று வாதிடலாமா என்று பலர் கேட்பார்கள். 1987-ன் மெண்டோசா-லோபெஸ் வழக்கு அதற்கு வழி திறந்தது. ஆனால் 2021-ல் பாலோமார்-சாண்டியாகோ வழக்கில், சட்டம் கேட்கும் மூன்று நிபந்தனையையும் பூர்த்தி செய்தே தீர வேண்டும் என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டதால் அந்த வழி மிகக் குறுகிவிட்டது. அங்கே அந்த மனிதரை 1998-ல் நாடுகடத்தக் காரணமாக இருந்த குடிபோதைக் கார் வழக்கு, அதற்குப் போதுமான காரணமே இல்லை என்று 2004-ல் வந்த வேறொரு தீர்ப்பால் தெளிவாகியிருந்தது. அதுகூட அவரைக் காப்பாற்றவில்லை.

எனவே பலருக்கு உண்மையில் எஞ்சியிருப்பது தண்டனைக் கணக்கு. அறிக்கையில் குற்ற வரலாற்றுப் பகுதியை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஒரே வழக்கு எண் இரண்டு இடத்தில் வருகிறதா? ஒரே நாளில் தீர்ப்பான வழக்குகள், நடுவில் கைது இல்லாமல் இருந்தும், தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கிறதா? தண்டனை உண்மையில் 60 நாளைத் தொட்டதா? நெறிகள் விதித்த கால எல்லைக்கு அப்பால் போன பழைய வழக்கு ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? கைதியின் தாய்மொழியில் ஒருவர் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டினால் நல்லது. தன் வழக்குகள் எத்தனை என்று வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

காலம் ஒன்றுதான் பெரிய தடை. மேல்முறையீடு நடக்கும்போதும் சிறைக்காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குறுகிய தண்டனை பெற்றவர்கள் முடிவு வருமுன்பே விடுதலையாகி, நாடுகடத்தப்பட்டும் விடுகிறார்கள். அப்புறம் தீர்க்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றே தனியாக ஒரு வாதம் நடக்கும். 78 மாதம் நீளமான தண்டனை என்பதால்தான் இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்ப நேரம் இருந்தது. 12 மாதத்துக்குப் பதில் 16 மாதம் என்று கூட்டல் பிழையால் விழுந்தவருக்கு இதே தீர்ப்பு காகிதத்தில்தான் இருக்கும். அவருடைய பிழையைப் பிடிக்க வேண்டிய இடம் அந்த 35 நாள், அந்த அறிக்கை, அவர் பக்கத்தில் நிற்கும் வக்கீல்.